பயந்த கிளிக்குப் புதிய வீடு: முதல் நாள் முதல் ஆறாம் மாதம் வரை

கிள்ளான் பள்ளத்தாக்கில் கிளிகள் அடிக்கடி வீடு மாறுகின்றன. வளர்த்த பெரியவர் காலமாகிவிடுவார். பிள்ளைகளுக்கு அதைப் பார்த்துக்கொள்ள நேரம் இருக்காது. தரை வீட்டிலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபோன குடும்பத்தின் மீது, கிளி கத்துகிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பார்கள். வாடகை வீட்டைக் காலி செய்தவர்கள் கூண்டை மட்டும் வாசலிலேயே விட்டுப் போயிருப்பார்கள். அடைமழையில் நனைந்து, பறக்க முடியாமல் கார் நிறுத்துமிடத்தில் ஒடுங்கிக் கிடக்கும் கிளியை யாராவது துண்டில் சுற்றித் தூக்கி வருவார்கள்.

இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் சிரமம் தொடங்குகிறது. கூண்டின் பின்மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கும். கிட்டே போனால் சீறும். தீனி வைத்தால் தொடாது. பிள்ளைகள் ஆசையாக விரலை நீட்டினால் ரத்தம் வரக் கடித்துவிடும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "இது பழகாது, யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்ற பேச்சு வீட்டில் எழும்.

பெரிய கிளி வகைகள் நல்ல பராமரிப்பில் 40, 50 ஆண்டுகள்கூட வாழும். உங்களிடம் வந்திருக்கும் கிளிக்கு இது மூன்றாவது அல்லது நான்காவது வீடாக இருக்கலாம். நீங்களும் கைகழுவினால், அடுத்த வீட்டுக்கு அது இன்னும் அதிகப் பயத்தோடுதான் போகும். அதனால் முதல் சில மாதங்களை எப்படி நடத்துகிறீர்கள் என்பதில் அந்தப் பறவையின் மீதி வாழ்க்கையே அடங்கியிருக்கிறது.

எல்லா ஆலோசனைகளுக்கும் அடிப்படையான விதி ஒன்றுதான். பயந்த கிளியிடம் நாம் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதை அந்தக் கிளியே முடிவு செய்யட்டும்.

முதலில், வைத்திருக்கலாமா?

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பச்சைக்கிளி பழக்கமான பறவை. நீள்வால் பச்சைக்கிளி செம்பனைப் பழத்தை விரும்பித் தின்னும். பட்டுப்போன மரத்தின் பொந்தில் கூடு கட்டும். மரம் சாய்ந்தால் குஞ்சை எடுத்து வந்து வளர்ப்பது ஒரு காலத்தில் லயங்களில் சாதாரணமாக நடந்தது. இன்று அப்படிச் செய்ய முடியாது.

தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. நம் காட்டுக் கிளிகளை உரிமமோ சிறப்பு அனுமதியோ இல்லாமல் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டுக் கிளிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. நன்றாகப் பேசும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை எடுத்துக்கொள்ளுங்கள். அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்ஸ்' உடன்பாட்டு நாடுகள் 2016இல் கூடி, அதனை மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றின. ஆவணம் இல்லாமல் அப்படி ஒரு கிளியை இலவசமாகப் பெற்றாலும் சிக்கல் நமக்குத்தான்.

ஆகவே கிளி கைக்கு வந்ததும் மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

• காலில் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வளையத்தில் எண் பொறித்திருந்தால் அது யாரோ வளர்த்த கிளி. உரிமையாளர் தேடிக்கொண்டிருக்கலாம். தாமான் புலனக் குழுவிலும் பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவமனைகளிலும் தகவல் சொல்லுங்கள்.

• எந்த வகை என்று தெரியாவிட்டால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் 1-800-88-5151 என்ற எண்ணில் கேளுங்கள். காட்டுக் கிளியாக இருந்தால் அவர்களிடம் ஒப்படைப்பதே சரி.

• முந்தைய உரிமையாளர் தெரிந்தவர் என்றால் உரிமத்தையும் வாங்கிய ரசீதையும் கேட்டு வாங்குங்கள். பெயர் மாற்றம் வேண்டுமா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

"பாவம், பறந்து போகட்டும்" என்று கூண்டைத் திறந்துவிடுவதும் தீர்வாகாது. பல ஆண்டு கிண்ணத்தில் தின்று வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது; பகைவனை அடையாளம் தெரியாது. அதிலும் வெளிநாட்டு வகை என்றால், பிழைத்துப் பெருகினாலும் நம் ஊர்ப் பறவைகளின் பொந்துகளுக்குப் போட்டியாகிவிடும்.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அந்நாட்டுப் பச்சைக்கிளிகளை வீட்டில் வளர்க்க முடியாது. வளர்ப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும் என்று அங்குள்ள வனத்துறை பல ஊர்களில் அறிவிப்புக் கொடுத்திருக்கிறது. ஊருக்குப் போய் வரும்போது ஒரு கிளி கொண்டுவரலாம் என்ற எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

பயம் எப்படித் தெரியும்?

கிளி காட்டில் பிற உயிர்களுக்கு இரையாகும் பறவை. இரையாகும் உயிருக்கு மனிதக் கை என்பது மேலிருந்து இறங்கும் பருந்தின் நகம் போன்றது. கடிப்பதைக் கோபம் என்று நினைத்துவிடுகிறோம். தப்பி ஓட வழியில்லாத கிளி கடைசியாகக் கையாளும் ஆயுதம் அது. கடிப்பதற்கு முன்பே அது பல முறை "கிட்டே வராதே" என்று உடலால் சொல்லியிருக்கும்.

பயந்த கிளி இறகுகளை உடலோடு ஒட்டி, உடம்பைக் குச்சிபோல மெலிதாக்கி நிமிர்ந்து நிற்கும். கண் விரியும். அசையாமல் உறைந்துவிடும். அலகைத் திறந்து மூச்சு வாங்கும். சாம்பல் கிளி உறுமும். கொண்டைக்கிளி கொண்டையை விறைப்பாகத் தூக்கிச் சீறும்.

அமைதியான கிளியின் அடையாளங்கள் வேறு. ஒற்றைக் காலில் நிற்கும். இறகைக் கோதும். உடம்பை ஒரு முறை சிலிர்த்து உதறும். தூங்கப்போகும்போது அலகை மெல்ல அரைக்கும் சத்தம் கேட்கும். நீங்கள் அறையில் இருக்கும்போதே இவற்றில் ஒன்றைச் செய்தால், உங்களை ஏற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நாள் முழுக்க இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடியபடி கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால் அதைப் பயம் என்று விட்டுவிடாதீர்கள். மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவதும் ஆபத்தான அறிகுறி. கிளிகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். வெளியே தெரிகிறது என்றால் நிலைமை முற்றிவிட்டது. அன்றே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

முதல் வாரம்: இடமும் இருட்டும்

கூண்டைத் தொங்கவிடாதீர்கள், ஆடாத மேசையில் வையுங்கள். ஒரு பக்கமாவது சுவரோடு ஒட்டி இருக்கட்டும். நான்கு பக்கமும் திறந்திருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வருமோ என்று அது சுற்றிச் சுற்றிப் பார்த்தபடி இருக்கும். கூண்டின் உயரமான குச்சி உங்கள் கண்மட்டத்தில் இருந்தால் நல்லது. பின்பாதியை ஒரு பழைய கைலியால் மூடினால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். ஒளிய இடம் இருக்கும் கிளி சீக்கிரம் வெளியே வரும்.

ஆட்கள் நடமாடும் அறைதான் ஏற்றது. ஆனால் நடைபாதையின் குறுக்கே வேண்டாம். சமையலறை கூடவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது. வீட்டில் வேறு பறவை இருந்தால் புதிய கிளியைக் குறைந்தது 30 நாள் தனி அறையில் வையுங்கள். இறகும் அலகும் சிதையும் கிருமிநோய் ஒரு பறவையிடமிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தொற்றும்.

தூக்கம் பெரிய மருந்து. கிளிக்கு 10 முதல் 12 மணி நேர இருட்டு தேவை. நம் நாட்டில் இரவே ஏறக்குறைய 12 மணி நேரம்தான். கணக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் இரவு 11 மணிவரை தொலைக்காட்சி ஓடும், விளக்கு எரியும். இரவு 8 மணிக்குக் கூண்டை மூடுங்கள். முடிந்தால் சத்தமில்லாத அறைக்கு மாற்றுங்கள். தூக்கம் கெட்ட கிளி மறுநாள் முழுக்கச் சிடுசிடுப்பாகவே இருக்கும்.

எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும். தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, கூண்டை மூடுவது மூன்றும் தினமும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே ஆள் செய்யட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க முடிந்தால் பயம் பாதி குறையும்.

முதல் வாரத்தில் இதைத் தவிர வேறு எதுவும் செய்ய வேண்டாம். கையை உள்ளே விடாதீர்கள். வெளியே எடுக்காதீர்கள். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள்.

மருத்துவரும் எடைக் கருவியும்

பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எல்லா இடத்திலும் இல்லை. நாய், பூனை மருத்துவமனைக்குப் போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். செர்டாங்கில் புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம். முடியுமானால் வீட்டுக்குக் கொண்டு வரும் வழியிலேயே பரிசோதனையை முடித்துவிடுங்கள். பழகத் தொடங்கிய பிறகு பிடித்துக்கொண்டு போவதைவிட இது நல்லது.

எச்சத்தின் மூலம் மனிதருக்கும் தொற்றக்கூடிய சிட்டாக்கோசிஸ் என்ற கிளிக்காய்ச்சல் பற்றியும் கேளுங்கள். கூண்டைக் காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். கிளி வந்த பிறகு வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்தில் குணமாகும்.

மாவு நிறுக்கும் சமையலறைக் கருவி கிளிக்கும் உதவும். கிளியே கருவியின் மேல் ஏறி நிற்கப் பழகிய பிறகு, வாரம் ஒரு நாள் காலையில் நிறுத்து எழுதி வையுங்கள். சாம்பல் கிளி 400 முதல் 500 கிராம்வரை இருக்கும். இந்தியப் பச்சைக்கிளி 120 கிராம் அளவுதான். அதற்கு 12 கிராம் குறைந்தாலே உடலில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவு.

நெருங்கும் கலை

கிளி என்றதும் நம் மனத்தில் வருவது மீனாட்சியம்மன் கையிலும் ஆண்டாள் கையிலும் இருக்கும் கிளிதான். கையில் உட்காராத கிளி கிளியே இல்லை என்பதுபோல முதல் நாளே கையை நீட்டிவிடுகிறோம். கை கடைசியில் வர வேண்டியது.

இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் 15 நிமிடம் கூண்டிருக்கும் அறையில் உட்காருங்கள். கிளி உறையத் தொடங்கும் தூரம் எது என்று பாருங்கள். அதற்கு இரண்டடி பின்னால் நாற்காலியைப் போடுங்கள். நேராக முறைத்துப் பார்க்காதீர்கள். இரு கண்ணும் முன்னோக்கி உற்றுப் பார்ப்பது வேட்டையாடும் விலங்கின் பார்வை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து நாளிதழை மெல்லிய குரலில் வாசியுங்கள். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இந்த வேலையை அவர்களிடமே கொடுக்கலாம். அவசரமில்லாத குரலும் நிதானமான அசைவும் கிளிக்குப் பிடிக்கும்.

கிளி இறகு கோதத் தொடங்கினால் மறுநாள் நாற்காலியை அரையடி முன்னே நகர்த்துங்கள். உறைந்துவிட்டால் பின்னே போங்கள். பின்வாங்குவது தோல்வி என்று நினைக்காதீர்கள். "நான் சொன்னதை இவர் கேட்டார்" என்று அந்தக் கிளி அன்றுதான் தெரிந்துகொள்கிறது.

அடுத்த படி தீனி. அதற்கு எது மிகவும் பிடிக்கும் என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் சூரியகாந்தி விதையாக இருக்கும். அதை அன்றாடக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டு, நீங்கள் வரும்போது மட்டும் கொடுங்கள். முதலில் கூண்டைக் கடந்து போகும்போது ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள். சில நாளில் உங்களைக் கண்டதும் கிண்ணத்தருகே வந்து நிற்கும். பிறகு நீண்ட கரண்டியில் வைத்துக் கம்பி வழியே நீட்டுங்கள். கரண்டி மெல்ல மெல்லக் குட்டையாகட்டும். கடைசியில் விரல் நுனி.

கரண்டிக்குப் பழகிய கிளிக்கு ஒரு சின்ன விளையாட்டுக் கற்றுக்கொடுக்கலாம். சீன உணவுக்கடையில் கிடைக்கும் சாப்ஸ்டிக் குச்சியின் நுனியைக் காட்டுங்கள். அது அலகால் தொட்டதும் "நல்லது" என்று ஒரே சொல்லைச் சொல்லி உடனே ஒரு விதை கொடுங்கள். குச்சியைத் தொட்டால் விதை வரும் என்று புரிந்துவிட்டால், குச்சி போகும் இடத்துக்குக் கிளியும் வரும். கையால் பிடிக்காமலே கூண்டுக்குள்ளும் வெளியேயும் அழைத்துப் போகலாம். கிளி ஜோசியரின் கிளி ஒரு நெல்லுக்காக வெளியே வந்து சீட்டை எடுப்பதும் இதே விதிப்படிதான். ஆனால் அந்தக் கிளியின் இறக்கை வெட்டப்பட்டிருக்கும். அதை நாம் பின்பற்ற வேண்டாம். பறந்து தப்ப முடியாது என்று தெரிந்த கிளிக்குக் கடிப்பது ஒன்றுதான் மிச்சமிருக்கும். வெட்டிய நிலையில் வந்திருந்தால் அடுத்த இறகு உதிர்வு வரை காத்திருங்கள். புதிய இறகு முளைக்கும். அதுவரை கீழே விழுந்தால் அடிபடாதபடி தரையில் பாய் விரித்து வையுங்கள்.

துண்டால் போர்த்திப் பிடிப்பது, கையுறை மாட்டிக்கொண்டு பிடிப்பது, கடித்தால் கூண்டைத் தட்டுவது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது ஆகியவற்றை முற்றிலும் விட்டுவிடுங்கள். அவசர மருத்துவத்துக்குத் தவிர துண்டு தேவையில்லை. ஒரு மாதம் சேர்த்த நம்பிக்கையை ஒரு நிமிடப் பிடி கரைத்துவிடும்.

அதன் பழைய வாழ்க்கையையும் கவனியுங்கள். தொப்பி, துடைப்பம், சிவப்புச் சட்டை, ஆண் குரல் என்று ஏதாவது ஒன்றுக்கு மட்டும் அலறினால், அங்கே ஒரு கசப்பான நினைவு இருக்கிறது. அந்தப் பொருளைக் கண்ணில் படாமல் வையுங்கள். சில கிளிகள் மலாயிலோ ஹொக்கியனிலோ ஏதாவது சொல்லும். முந்தைய வீட்டில் அதற்குப் பிடித்த ஆளின் சொல்லாக அது இருக்கலாம். நீங்களும் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தமிழ் பிறகு கற்றுக்கொள்ளும். கிளியின் மூளையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஐரீன் பெப்பர்பர்க் என்ற அறிவியலாளர் 1977 முதல் ஆராய்ந்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, 2007இல் இறப்பதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைக் கற்றது. நிறம், வடிவம், எண்ணிக்கை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னது. அப்படிப்பட்ட பறவை பட்ட அடியையும் மறப்பதில்லை.

தீனி

முதல் வாரம் பழைய வீட்டில் தின்றதையே கொடுங்கள். வெறும் சூரியகாந்தி விதையாக இருந்தாலும் சரி. பயந்த பறவையிடம் தீனியையும் மாற்றினால் பட்டினி கிடக்கும். பிறகு சிறிது சிறிதாக மாற்றுங்கள். விதை மட்டுமே தின்னும் கிளிக்குக் கொழுப்பு மிஞ்சும். வைட்டமின் ஏயும் சுண்ணாம்புச் சத்தும் குறையும்.

இதற்கு விலையுயர்ந்த உணவு தேடி அலைய வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, சாவி, பூசணி, கேரட், சோளம், கொய்யா, பப்பாளி எல்லாம் நல்லவை. சிலி பாடியை விதையோடு மென்று தின்னும். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது. பறித்த முருங்கைக் கொத்தை அப்படியே கம்பியில் சொருகிவிட்டால் தீனியாகவும் இருக்கும், விளையாட்டாகவும் இருக்கும்.

அவகாடோ, சாக்லேட், காப்பி, தேநீர், மது, வெங்காயம் ஆகியவை கிளிக்கு நஞ்சு. முறுக்கு, மிக்சர் போன்ற உப்புப் பண்டங்களைப் பிள்ளைகள் ஊட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் உள்ள ஆபத்துகள்

பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடத் திறமையாகக் காற்றை உறிஞ்சும். காற்றில் உள்ள நஞ்சையும் அதே வேகத்தில் உறிஞ்சும். ஒட்டாத பூச்சுள்ள சட்டியை அடுப்பில் மறந்துவிட்டால் எழும் மணமில்லாத ஆவி, சில நிமிடத்தில் கிளியைக் கொன்றுவிடும். சமையலறையில் கூண்டு கூடாது என்பதற்கு இதுவே காரணம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், சிகரெட், பூச்சி மருந்து எல்லாமே அதற்குக் கெடுதல். பூசை அறையிலிருந்து தள்ளி வையுங்கள். சாம்பிராணி போடும்போது கதவைச் சாத்தி வேறு அறைக்கு மாற்றுங்கள்.

புகைமூட்டத்தைக் கிள்ளான்வாசிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2005 ஆகஸ்டில் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். குறியீடு 100ஐத் தாண்டினாலே கிளி வீட்டுக்குள் இருக்கட்டும், சன்னலைச் சாத்துங்கள்.

மேல்விசிறி இன்னொரு எமன். கிளி கூண்டுக்கு வெளியே இருக்கும் நேரத்தில் விசிறி நின்றிருக்க வேண்டும். சன்னல் கண்ணாடியைத் திரையால் மறையுங்கள். வாளித் தண்ணீரையும் மூடி வையுங்கள்.

கூண்டை முன்வாசலில் வைப்பது நம்மவர்களிடம் உள்ள பழைய பழக்கம். பயந்த கிளிக்கு அது தண்டனை. பூனை, பாம்பு, குரங்கு ஒரு பக்கம். காகம் இன்னொரு பக்கம். இலங்கையிலிருந்து 1890களில், காப்பிச் செடியின் புழுக்களைத் தின்னும் என்று கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட காகங்கள் பெருகி, இன்று எல்லாத் தாமான்களிலும் இருக்கின்றன. கம்பிக்கு வெளியே நான்கு காகங்கள் சுற்றி நின்று கரைந்தால் உள்ளே இருக்கும் கிளியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தீபாவளி, சீனப் புத்தாண்டு இரவுகளில் வெடிச்சத்தம் கேட்டுக் கூண்டுக்குள் முட்டி மோதி இறக்கையை உடைத்துக்கொள்ளும் கிளிகள் உண்டு. அன்று உள்ளறையில் வைத்து, சின்ன விளக்கு ஒன்றை எரியவிட்டு, மெல்லிய பாட்டைப் போட்டுவிடுங்கள். முழு இருட்டில் மிரளும் பறவைக்கு எங்கே பிடித்து நிற்பது என்று தெரியாது. தெருவில் உறுமி மேளத்தோடு ஊர்வலம் வரும் நாளிலும் இதையே செய்யலாம்.

இறகைப் பிடுங்கும் கிளி

மீட்கப்பட்ட கிளிகள் சில, மார்பு இறகையெல்லாம் தாமே பிடுங்கிப் போட்டு வெற்றுத் தோலோடு வரும். முதலில் மருத்துவர் தோல்நோயும் கிருமியும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மீதி பெரும்பாலும் பயமும் சலிப்பும்தான்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஷெரில் மீஹானும் சக ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. இளம் அமேசான் கிளிகளில் ஒரு பிரிவுக்கு, தேடி எடுக்க வேண்டிய வகையில் தீனியும் ஏற, கடிக்கப் பொருள்களும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவு வெறும் கூண்டில் இருந்தது. வெறும் கூண்டுக் கிளிகள் இறகைப் பிடுங்கத் தொடங்கின. அவற்றுக்கும் அதே வசதிகளைக் கொடுத்தபோது அந்தப் பழக்கம் குறைந்தது.

இதை வீட்டிலேயே செய்யலாம். விதையை நாளிதழ்த் துண்டில் பொட்டலம் கட்டுங்கள். தேங்காய்ச் சிரட்டையில் போட்டு மேலே சோளத்தோல் அடையுங்கள். கொய்யாக் கிளையை வெட்டிக் கழுவி, பட்டையோடு உட்காரும் குச்சியாகப் போடுங்கள். ஒரே வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியில் நின்று காலில் புண் வருவதும் குறையும். ஆனால் புதுப் பொருளைத் திடீரென்று கூண்டுக்குள் வைக்காதீர்கள். பயந்த கிளிக்கு அதுவும் பூதம்தான். இரண்டு நாள் தூரத்தில் மேசைமேல் இருக்கட்டும், பிறகு கூண்டருகே, பிறகு உள்ளே.

பயம் கிளிக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் ஓரிடம் காட்டியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ வளாகத்தில், உளவியலாளர் லோரின் லிண்ட்னர் 2005இல் 'செரினிட்டி பார்க்' என்ற கிளிக் காப்பகத்தைத் தொடங்கினார். கைவிடப்பட்ட கிளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, போரின் அதிர்ச்சியிலிருந்து மீளாத வீரர்களுக்குக் கொடுக்கப்பட்டது. திடீர்ச் சத்தத்துக்கு அஞ்சுவது என்னவென்று அறிந்த மனிதர்கள், அதே நிலையில் இருந்த பறவைகளிடம் நிதானமாக நடந்துகொண்டார்கள். இரு தரப்பும் தேறியது.

வீட்டாருக்குச் சில சொற்கள்

பொறுப்பை ஒருவர் எடுத்துக்கொண்டாலும் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா மெதுவாகப் பழக்க, தம்பி கம்பியைத் தட்டிச் சிரித்தால் பயனில்லை. பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: காகிதப் பொட்டலம் கட்டுவது, எடையை எழுதுவது, கிளி இன்று என்ன செய்தது என்று குறிப்பது. தொடாமலும் ஒரு பிராணியை நேசிக்க முடியும் என்பதை அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

காலையிலும் மாலையிலும் கிளி கத்தும். காட்டில் கூட்டத்தைக் கூப்பிடும் நேரம் அது. முழுவதுமாக நிறுத்த முடியாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கத்தும்போது ஓடிப்போய் அதட்டினால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும். மெல்லிய சத்தம் போடும்போது பதில் கொடுங்கள். அந்தச் சத்தமே பழக்கமாகும்.

எவ்வளவு நாள் ஆகும்?

சில கிளிகள் ஒரு மாதத்தில் கையில் விதை வாங்கும். சிலவற்றுக்கு ஆறு மாதம், ஓராண்டு ஆகும். சில கிளிகள் கடைசிவரை தோளில் ஏறாது. ஆனால் உங்கள் அறையிலேயே நிம்மதியாகத் தூங்கும், பாடும், கூப்பிட்டால் பதில் சொல்லும். அதுவும் வெற்றிதான்.

இலவு காத்த கிளியின் கதை நமக்குத் தெரியும். இங்கே காத்திருப்பது மனிதர். ஆனால் இந்தக் காத்திருப்புக்கு இடையிலேயே பலன் தெரியும். முதல் மாத இறுதியில் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அறைக்குள் வந்தால் உறைகிறதா, தொடர்ந்து தின்கிறதா? எடை நிலையாக இருக்கிறதா? ஒற்றைக் காலில் நிற்கப் பார்த்தேனா? போன வாரத்தைவிட அரையடியாவது நெருங்க விடுகிறதா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

உண்மையிலேயே முடியாத நிலையும் வரலாம்: நோய், வேலை மாற்றம், வீட்டில் ஆஸ்துமா. அப்போது முகம் தெரியாதவருக்கு இணையத்தில் விற்றுவிடாதீர்கள். உரிமம் உள்ள, கிளி வளர்த்து அனுபவம் பெற்ற ஒருவரைத் தேடி, நீங்கள் எழுதி வைத்த குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுங்கள். என்ன தின்னும், எதற்கு அஞ்சும், எந்தச் சொல்லுக்குத் திரும்பும் என்பது அதில் இருந்தால் அடுத்த வீட்டில் அது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. பட்டினி போடுவதும் கைவிடுவதும் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின் கீழ் குற்றம் என்பதையும், கொடுமைக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம் என்பதையும் வாங்குபவருக்கும் சொல்லி வையுங்கள்.

இந்த வாரமே கிளி ஒன்று உங்கள் வீட்டுக்கு வருகிறது என்றால் இன்று செய்ய வேண்டியவை மூன்றுதான்: அது எந்த வகை என்று பெர்ஹிலித்தானிடம் உறுதி செய்யுங்கள்; பறவை பார்க்கும் மருத்துவரிடம் நாள் குறியுங்கள்; சமையலறைக்குத் தூரமாக, சுவரோரமாக ஒரு மேசையை ஒதுக்கி வையுங்கள். மற்றதை அந்தக் கிளி ஒவ்வொன்றாகச் சொல்லும்.